மருந்து, கரித்துண்டு, ஓலை: மூன்று ஆய்வுகள் எந்தப் பிழைக்கு அஞ்சுகின்றன?

‘ஆய்வில் உறுதியாகியிருக்கிறது’ என்ற வாசகம் ஒரு புதிய மாத்திரைக்கும் வருகிறது, அகழாய்வுக் குழியின் காலத்துக்கும் வருகிறது, ஒரு பழம்பாட்டின் திருத்திய பாடத்துக்கும், அதாவது அதன் சொல்வடிவத்துக்கும், வருகிறது. வாசகம் ஒன்றுதான். அதற்குப் பின்னால் நடக்கும் வேலைகள் மூன்றும் வெவ்வேறு. ஒரு துறையின் வழிமுறையைப் புரிந்துகொள்ள, அந்தத் துறை எந்தப் பிழையைக் கண்டு அஞ்சுகிறது என்று முதலில் கேட்க வேண்டும். மருத்துவ ஆய்வாளர் அஞ்சுவது தன் நம்பிக்கைக்கு. காலம் கணிப்பவர் அஞ்சுவது மாசுக்கும் கருவியின் கோளாறுக்கும். பதிப்பாசிரியர் அஞ்சுவது ஏடு எழுதியவரின் கைப்பிழைக்கும், அதைவிட அதிகமாகத் தன் புலமைக்கும். ஒவ்வொரு துறையின் வினோதமான கட்டுப்பாடுகளும் அந்த அச்சத்திலிருந்து பிறந்தவை.

வீடா, விடுதியா: சென்னையில் ஒரு கேள்வி

1950களில் காசநோய்க்கு மருந்து வந்துவிட்டது. ஆனால் நோயாளியை ஒரு வருடம் சானடோரியத்தில் படுக்கவைத்து, நல்ல சாப்பாடும் ஓய்வும் தந்துதான் குணப்படுத்த முடியும் என்பது உலகெங்கும் மருத்துவர்களின் எண்ணம். இந்தியாவில் நோயாளிகளின் எண்ணிக்கைக்கு முன் படுக்கைகள் மிகச் சொற்பம். வீட்டிலேயே மாத்திரை கொடுத்தால் போதுமா? இதை ஆராயத்தான் 1956இல் சென்னையில் காசநோய் வேதிச் சிகிச்சை மையம் தொடங்கியது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், உலக சுகாதார நிறுவனம், பிரிட்டனின் மருத்துவ ஆராய்ச்சிக் கழகம், சென்னை மாநில அரசு ஆகிய நான்கும் சேர்ந்து நடத்திய அந்த மையத்தை முதலில் வழிநடத்தியவர் வாலஸ் ஃபாக்ஸ். இன்று அது சேத்துப்பட்டில் தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமாக இருக்கிறது.

எளிய வழி ஒன்று இருந்தது. ஏற்கனவே வீட்டில் மருந்து சாப்பிட்டவர்களையும் சானடோரியத்தில் இருந்தவர்களையும் எண்ணி ஒப்பிட்டுவிடலாம். ஆனால் அந்தக் கணக்குத் தவறாகவே முடியும். இடம் குறைவாக இருக்கும்போது மருத்துவர் யாருக்குப் படுக்கை கொடுப்பார்? நோய் முற்றியவருக்கு. அப்படியானால் சானடோரியத்தில் அதிகம் பேர் இறந்திருப்பார்கள். வீடே மேல் என்று தோன்றும். படுக்கை வாங்கித் தரும் வசதியோ செல்வாக்கோ உள்ளவர்களே உள்ளே போயிருந்தால் கணக்கு எதிர்ப்பக்கம் சாயும். எந்தப் பக்கம், எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று பிறகு யாராலும் பிரித்தெடுக்க முடியாது.

அதனால்தான் குலுக்கல் முறை. ஸ்ட்ரெப்டோமைசின் என்ற காசநோய் மருந்தைப் பற்றி 1948இல் வெளியான பிரிட்டனின் ஆய்வு இதற்கு முன்மாதிரி. 107 நோயாளிகள், 55 பேருக்கு மருந்தும் படுக்கை ஓய்வும், 52 பேருக்கு ஓய்வு மட்டும். யார் எந்தக் குழு என்பதைச் சமவாய்ப்பு எண்களைக் கொண்டு புள்ளியியலாளர் ஆஸ்டின் பிராட்ஃபோர்ட் ஹில் முன்கூட்டியே தீர்மானித்து, உறையில் ஒட்டிவைத்தார். நோயாளியை ஆய்வில் சேர்ப்பது என்று முடிவான பிறகே உறையைப் பிரிக்கலாம். ஆறு மாதத்தில் மருந்துக் குழுவில் 7 சதவீதமும் மற்றதில் 27 சதவீதமும் இறந்தார்கள்.

உறை ஒட்டியிருப்பது சின்ன விஷயமாகத் தோன்றும், உயிர்நாடியே அதுதான். அடுத்து வருபவருக்கு எந்தக் குழு என்று மருத்துவருக்குத் தெரிந்துவிட்டால், ‘இவர் ரொம்ப மெலிந்திருக்கிறார், அடுத்த வாரம் வரச் சொல்லலாம்’ என்று நல்லெண்ணத்திலேயே ஒருவரைத் தள்ளிவைப்பார். அவ்வளவில் குலுக்கல் பாழ். இதோடு இன்னொரு காப்பும் இருந்தது. எக்ஸ்ரே படங்களைப் பார்த்தவர்களுக்கு அது யாருடைய படம், என்ன சிகிச்சை என்று சொல்லப்படவில்லை. ஒதுக்கீட்டை மறைப்பது வேறு, மதிப்பிடுபவரின் கண்ணைக் கட்டுவது வேறு. முதலாவது குழுக்கள் உருவாகும்போது வரும் சாய்வைத் தடுக்கிறது. இரண்டாவது விளைவை அளக்கும்போது வரும் சாய்வை. செய்திக் குறிப்புகளில் இவ்விரண்டும் அடிக்கடி ஒன்றாகக் குழம்புகின்றன.

சென்னை ஆய்வில் 193 பேர். இரு குழுக்களுக்கும் ஒரே மருந்து: ஐசோனியசிடும் பி.ஏ.எஸ்ஸும், 12 மாதம். வீட்டுக் குழுவினர் ஏழைகள், நெரிசலான வீடுகளில் இருந்தவர்கள், சானடோரியத்தாரைவிடக் குறைவாகச் சாப்பிட்டு அதிகமாக உழைத்தவர்கள். மாத்திரையை உண்மையில் விழுங்கினார்களா என்று அறியச் சொல்லாமல் வீட்டுக்குப் போய்ச் சிறுநீர் எடுத்துச் சோதித்தார்கள். வருட முடிவில் நோய் அடங்கியவர்கள் வீட்டில் 86 சதவீதம், சானடோரியத்தில் 92 சதவீதம். 1959இல் வெளியான இந்த முடிவு, உலகெங்கும் சானடோரியங்கள் தேவையா என்ற கேள்வியை எழுப்பியது.

இங்கே கொஞ்சம் நிற்க வேண்டும். 86க்கும் 92க்கும் இடையில் 6 புள்ளி இருக்கிறதே, அது ஒன்றுமில்லையா? ஒரு குழுவில் நூறு பேர்கூட இல்லாதபோது இந்த அளவு இடைவெளி தற்செயலாகவே வந்துவிடலாம். ஆனால் அதே கணக்கை மறுபக்கமாகவும் படிக்க வேண்டும்: சானடோரியம் உண்மையிலேயே 15 புள்ளி வரை மேலாக இருந்திருந்தாலும் இந்த எண்ணிக்கையை வைத்து அதை மறுக்க முடியாது. ‘வேறுபாடு தெரியவில்லை’ என்பதும் ‘இரண்டும் சமம்’ என்பதும் ஒன்றல்ல. 90 சதவீதத்துக்கும் 80 சதவீதத்துக்கும் உள்ள வேறுபாட்டை, ஐந்தில் நான்கு வாய்ப்பாவது இருக்கும்படி கண்டுபிடிக்க, ஒரு குழுவுக்குச் சுமார் 200 பேர் வேண்டும். 90க்கும் 85க்கும் உள்ள வேறுபாடு என்றால் ஏறத்தாழ 700 பேர். தேடும் வேறுபாடு பாதியானால் ஆட்களின் தேவை மூன்று, நான்கு மடங்காகிறது. ஆய்வுகள் செலவு பிடிப்பதும், சிறிய ஆய்வுகள் ஒன்றுக்கொன்று முரண்படுவதும் இதனால்தான்.

சென்னை முடிவு நிலைத்ததற்குக் காரணம் அந்த 6 புள்ளி மட்டுமல்ல. அதே நோயாளிகளை ஐந்து ஆண்டு தொடர்ந்து பார்த்தார்கள். நோய் திரும்புவதில் வீட்டுக் குழு பின்தங்கவில்லை. கூட வாழ்ந்த குடும்பத்தாரையும் ஐந்து ஆண்டு பார்த்தார்கள். வீட்டிலேயே சிகிச்சை பெற்றதால் குடும்பத்துக்குக் கூடுதல் தொற்று வரவில்லை; தொற்றியவை பெரும்பாலும் சிகிச்சை தொடங்குமுன்பே தொற்றியிருந்தன. எல்லோரும் பயந்த கேள்விக்கு நேரடியாகப் பதில் தேடியது இந்த ஆய்வின் பெருமை.

பிடிக்காத பதிலையும் இந்த முறை சொல்லும். 1968இல் செங்கல்பட்டு வட்டாரத்தில் தொடங்கிய பி.சி.ஜி. தடுப்பூசி ஆய்வில் 2.5 லட்சத்துக்கும் மேற்பட்டோர் சேர்ந்தார்கள். 15 ஆண்டு பார்த்த பிறகும், பெரியவர்களின் நுரையீரல் காசத்தைத் தடுப்பூசி தடுத்ததாக அங்கே தெரியவில்லை. குழந்தைகளுக்கு வரும் கடுமையான காச வகைகளுக்கு எதிராக அது வேறு ஆய்வுகளில் பயன் காட்டியிருப்பதால் இன்றும் போடப்படுகிறது. யாரிடம், எந்த நோய்க்கு என்று கேட்காமல் ‘பலன் உண்டா’ என்று மட்டும் கேட்டால் மருத்துவ ஆய்விடம் பதில் கிடையாது.

கரித்துண்டின் வயது

இயற்பியலும் வேதியியலும் ஆட்களைக் குலுக்கிப் போடுவதில்லை. கார்பன் அணுவுக்கு நம்பிக்கை இல்லை, மருந்துண்ணும் ஆசையில்லை. இங்கே ஆபத்து வேறு இடத்தில்.

அமெரிக்க வேதியியலாளர் வில்லார்ட் லிபி 1940களின் இறுதியில் உருவாக்கி, 1960இல் நோபல் பெற்ற கார்பன் காலக்கணிப்பை எடுத்துக்கொள்வோம். உயிருள்ள செடியில் ஏறக்குறைய ஒரு லட்சம் கோடிக் கார்பன் அணுக்களுக்கு ஒன்று கார்பன்-14. செடி செத்ததும் அது குறையத் தொடங்குகிறது. 5,730 ஆண்டில் பாதியாகிறது. சுமார் 50,000 ஆண்டுக்குப் பிறகு அளக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஒரு லட்சம் கோடியில் ஒன்றை எண்ணும் வேலை என்றால், வேறெங்கிருந்தோ வந்த சிறு துளி கார்பன்கூட விடையைக் கெடுத்துவிடும்.

ஆகவே எச்சரிக்கை குழியிலேயே தொடங்குகிறது. கரித்துண்டைக் கையால் தொடாமல் சுத்தமான உலோகக் கருவியால் எடுத்து அலுமினியத் தாளில் மடிக்கிறார்கள். பஞ்சு, காகிதம், பூஞ்சைக்கொல்லி எதுவும் படக்கூடாது, எல்லாம் கார்பன். ஆய்வகத்தில் முதலில் உருப்பெருக்கியின் கீழ் வேர்களைப் பொறுக்கி எடுப்பார்கள். பிறகு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில் சூடாக்குவார்கள். நிலத்தடி நீர் விட்டுச்சென்ற சுண்ணாம்பு கரையும். அடுத்துக் காரம், மண்ணின் மட்கிய அமிலங்கள் பழுப்பு நிறத்தில் வெளியேறும். மறுபடி ஒருமுறை அமிலம். அந்த மூன்றாவது கழுவலை வீண் என்று நினைத்துவிடக்கூடாது. காரம் காற்றிலுள்ள கரியமில வாயுவை உறிஞ்சும் குணமுடையது. அதைத் துரத்தாவிட்டால் இன்றைய காற்று பண்டைய கரியோடு சேர்ந்துவிடும். பிறகு எரித்து வாயுவாக்கி, இரும்புத்தூள் மேல் ஹைட்ரஜனுடன் சேர்த்துக் கிராஃபைட்டாக மாற்றி, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து எண்ணும் முடுக்கி நிறை நிறமாலைமானியில் வைக்கிறார்கள். ஒரு மில்லிகிராம் கார்பன் போதும். கார்பன்-14ஐப் போலவே எடையுள்ள நைட்ரஜன்-14 தொல்லை தராதா? தராது. நைட்ரஜன் நிலையான எதிர்மின் அயனியாக நிற்பதில்லை. எதிர்மின் அயனிகளை மட்டும் முடுக்கினால் அது தானே விலகிவிடுகிறது.

மாசு எவ்வளவு கெடுக்கும் என்பது வயதைப் பொறுத்தது. 1 சதவீதம் இன்றைய கார்பன் கலந்தால், 2,500 ஆண்டு பழைய கரி சுமார் 30 ஆண்டு இளமையாகத் தோன்றும். 34,000 ஆண்டு பழையதோ 4,000 ஆண்டு இளமையாகிவிடும்.

கருவி தரும் எண் நேரடியாக ஆண்டு அல்ல. காற்றில் கார்பன்-14இன் அளவு காலந்தோறும் ஏறி இறங்கியிருப்பதால், மர வளையங்களை எண்ணித் தயாரித்த வளைகோட்டில் வைத்து ஆண்டாக மாற்ற வேண்டும். வட அரைக்கோளத்துக்கு இப்போதுள்ளது 2020இல் வந்த இன்ட்கால்20. இந்தக் கோடு கி.மு. 800 முதல் 400 வரை ஏறக்குறையத் தட்டையாகக் கிடக்கிறது. அந்த நானூறு ஆண்டில் எப்போது இறந்த செடியும் கிட்டத்தட்ட ஒரே எண்ணைத்தான் காட்டும். கருவியின் கணக்கில் 2,450 ஆண்டு பழையது என்று, 30 ஆண்டு கூடுதல் குறைவோடு ஒரு மாதிரி வந்தால், அது கி.மு. 750ஆகவும் இருக்கலாம், கி.மு. 410ஆகவும் இருக்கலாம். கருவியை எவ்வளவு துல்லியமாக்கினாலும் இதிலிருந்து முழுதாகத் தப்ப முடியாது.

தமிழ் வாசகருக்கு இது தொலைவான சங்கதி அல்ல. கீழடி நான்காம் கட்ட அகழாய்வின் ஆறு மாதிரிகள் அமெரிக்காவின் மயாமியிலுள்ள பீட்டா அனலிட்டிக் ஆய்வகத்துக்குச் சென்றன. 2019இல் வெளியான அறிக்கைப்படி 353 செ.மீ. ஆழத்து மாதிரியின் காலம் கி.மு. 580, 200 செ.மீ. ஆழத்தது கி.மு. 205. முதல் எண் அந்தத் தட்டைப் பகுதிக்குள் விழுகிறது. அதனால் அது பொய்யாகிவிடாது, ஆனால் ‘கி.மு. 580’ என்பதை ஒரு பிறந்தநாளைப் போலப் படிக்கக்கூடாது, ஓர் இடைவெளியின் அடையாளமாகவே படிக்க வேண்டும். அந்த இடைவெளியைச் சுருக்க வழி உண்டு. ஒரே குழியில் மேலிருந்து கீழாக வரிசையாகப் பல மாதிரிகள் எடுத்து, கீழே உள்ளது மேலே உள்ளதைவிடப் பழையது என்ற அடுக்கு விதியையும் கணக்கில் சேர்த்தால், ஒவ்வொன்றின் இடைவெளியும் குறுகும். அதனால்தான் கீழடி போன்ற இடங்களில் இன்னும் பத்து மாதிரி, இருபது மாதிரி என்று கேட்பது சந்தேகப்படுவது ஆகாது. அந்த இடத்துக்குச் செய்யும் மரியாதை.

இன்னும் இரண்டு சிக்கல்கள் உண்டு. கரி, மரம் வெட்டிய நாளைச் சொல்வதில்லை. அந்த வளையம் வளர்ந்த நாளைச் சொல்கிறது. நூறு வயது மரத்தின் வைரத்தை எரித்திருந்தால் அடுப்பைவிடக் கரி நூறு வயது மூத்தது. அதனால் ஒரே பருவத்தில் விளைந்து மடியும் நெல்மணி கிடைத்தால் காலக்கணிப்பாளருக்குப் பொன் கிடைத்த மாதிரி. மற்றது: கணிக்கப்படுவது கரியின் வயது, பக்கத்தில் கிடந்த பானை ஓட்டின் வயது அல்ல. இரண்டையும் இணைப்பது அகழாய்வாளரின் மண்ணடுக்குக் குறிப்பு. எலி வளை ஒன்று குறுக்கே போயிருந்தால் அந்த இணைப்பு அறுந்துவிடும்.

கருவிக் கோளாறுக்கு நான் காட்ட விரும்பும் உதாரணம் துகள் இயற்பியலிலிருந்து. பலனே இல்லாதபோதும் அப்படி ஒரு முடிவு தற்செயலாக வர இருபதில் ஒன்றுக்குக் குறைவான வாய்ப்பே இருக்க வேண்டும் என்பது மருத்துவத்தில் வழக்கமான கோடு. பலனே இல்லாத 20 விஷயங்களைச் சோதித்தால் ஒன்றாவது பலன் இருப்பதுபோல் தோன்ற 64 சதவீதம் வாய்ப்பு. துகள் இயற்பியலாளர்கள் லட்சக்கணக்கான இடங்களில் தேடுபவர்கள். அதனால் அவர்கள் கோடு 35 லட்சத்தில் ஒன்று. 2011இல் ஒபேரா என்ற ஆய்வுக் குழு, ஜெனீவா அருகிலுள்ள செர்ன் துகள் ஆய்வகத்திலிருந்து 730 கி.மீ. தள்ளி இத்தாலியின் கிரான் சாசோ ஆய்வகத்துக்கு வந்த நியூட்ரினோக்கள் என்ற நுண்துகள்கள் ஒளியைவிட 60 நானோ நொடி முந்தியதாக அறிவித்தது. 15,000க்கும் மேற்பட்ட நிகழ்வுகள். அந்தக் கடுமையான கோட்டையும் தாண்டிய முடிவு. அடுத்த ஆண்டு காரணம் தெரிந்தது: ஓர் ஒளியிழை வடம் சரியாகத் திருகப்படவில்லை. 15,000 அளவீடுகளும் அந்த ஒரே வடத்தின் வழியாக வந்தவை. சாட்சிகள் எத்தனை பேர் என்பதைவிட, அவர்கள் தனித்தனியாகப் பார்த்தவர்களா என்பதே முக்கியம். குழு தன் சந்தேகத்தை முதல் நாளிலிருந்தே வெளிப்படையாக வைத்து, மற்றவர்களைச் சரிபார்க்க அழைத்தது என்பதையும் சொல்ல வேண்டும்.

பத்து ஏடு, ஒரு சாட்சி

இதே பாடத்தை ஓலைச்சுவடியைப் பதிப்பிப்பவர்கள் தம் வழியில் கற்றிருக்கிறார்கள். ஒரு நூலுக்குப் பத்து ஏடுகள் கிடைக்கின்றன. ஒன்பதில் ஒரு சொல், ஒன்றில் வேறு சொல். ஒன்பதைக் கொள்வதுதானே நியாயம்? அந்த ஒன்பதும் ஒரே மடத்து ஏட்டைப் பார்த்துப் படியெடுத்தவை என்றால், அவை ஒன்பது வாக்கு அல்ல, ஒரு வாக்கு. எவை எவற்றிலிருந்து வந்தவை என்பதைக் காட்டிக்கொடுப்பது அவற்றின் பிழைகள். சரியான பாடத்தில் இரண்டு ஏடுகள் ஒத்துப்போவதில் வியப்பில்லை. இரண்டும் மூலத்தைக் காத்திருக்கின்றன, அவ்வளவுதான். ஒரே விசித்திரமான பிழை இரண்டிலும் இருந்தால் இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள்.

பிழைகள் வரும் வழிகள் பல. ஓலையில் புள்ளி பெரும்பாலும் கிடையாது. எகர ஏகாரத்துக்கு, ஒகர ஓகாரத்துக்கு வேறுபாடு இல்லை. காலும் ரகரமும் ஒரே வடிவம். சொல்லுக்குச் சொல் இடைவெளி இல்லை. பாட்டும் உரைநடை போல ஓடும். செறு என்றால் வயல். சேறு என்றால் சகதி. ஓலையில் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், நெல் விளையும் காட்சியில் இரண்டும் பொருந்தவும் செய்யும். அங்கே கைகொடுப்பது யாப்பு. செறு ஒரு நிரையசை; சேறு இரண்டு நேரசை. சீர் எதைக் கேட்கிறதோ அதுவே பாடம். சிந்தாமணி போன்ற விருத்தப் பாவில் நான்கடியும் எதுகை ஒன்றியாக வேண்டும் என்பதால், இரண்டாம் எழுத்தில் நேர்ந்த பிழை உடனே பிடிபடும். சங்க அகவலில் அந்தக் காவல் இல்லை.

ஒருவர் வாசிக்க ஒருவர் எழுதினால் லகர ளகர ழகரம் மயங்கும். அடுத்தடுத்த இரண்டு அடிகள் ஒரே சொல்லில் முடிந்தால் கண் தாவி, இரண்டாவது அடி விடுபடும். நூற்கயிறு அறுந்து ஏடு முன்பின்னாகும். மிகக் கடினமானது, படித்த எழுத்தர் செய்யும் ‘திருத்தம்’. அவருக்குப் புரியாத அரிய சொல்லை, புரிந்த எளிய சொல்லாக மாற்றிவிடுவார். ஆகவே இரண்டு பாடமும் யாப்புக்கும் பொருளுக்கும் ஒத்துவந்தால், அரிய சொல்லே பெரும்பாலும் மூலம். எளியதை யாரும் கடினமாக்க மெனக்கெடுவதில்லை. இதைக் கண்மூடி விதியாக்கினால் வெறும் உளறலும் ‘அரிய பாடம்’ ஆகிவிடும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

உ.வே. சாமிநாதையர் 1887இல் சிந்தாமணியையும், 1889இல் பத்துப்பாட்டையும், 1894இல் புறநானூற்றையும் பதிப்பித்தபோது அவருக்குத் துணையாக இருந்தவை ஏடுகள் மட்டுமல்ல. நச்சினார்க்கினியர் போன்ற உரையாசிரியர்கள் பல நூற்றாண்டுக்கு முன் பார்த்த பாடம் உரைக்குள் பதிந்திருக்கிறது. மூல ஏட்டில் ஒரு சொல்லும் உரையில் வேறொரு சொல்லுக்குப் பொருளும் இருந்தால், உரை தனிச் சாட்சி. சிந்தாமணியின் சமணக் கலைச்சொற்களை அவர் கும்பகோணத்துச் சமணர்களிடம் கேட்டுத் தெளிந்தார். இலக்கணம் எவ்வளவு தெரிந்திருந்தாலும் அந்தச் சொற்களை ஊகித்திருக்க முடியாது. குறிஞ்சிப்பாட்டின் மலர்ப் பட்டியலில் ஒரு பகுதி ஏடுகளில் விடுபட்டிருந்தது. எந்தப் பூக்கள் வரும் என்று ஒரு புலவர் ஊகித்து எழுதியிருக்கலாம், ஓசையும் அமைந்திருக்கும். அவர் அதைச் செய்யவில்லை. தேடினார், தருமபுரம் ஆதீனத்து ஏட்டில் அந்த அடிகள் கிடைத்தன.

ஒரு துறையின் முடிவு இன்னொரு கைக்குப் போகும் இடத்தில்தான் அதிகம் கெடுகிறது. ஆய்வகம் ஓர் இடைவெளியைத் தருகிறது. அறிக்கை அதன் நடுப்புள்ளியை எடுக்கிறது. வரலாற்று நூல் அதை ஆண்டாக்குகிறது. பாடநூலில் அது உண்மையாகிவிடுகிறது. எனவே ஒரு கார்பன் காலத்தைப் படிக்கும்போது, அளந்த மூல எண், அதன் கூடுதல் குறைவு, ஆய்வக எண், என்ன பொருள், எந்த ஆழம், எந்த வளைகோடு என்ற ஆறும் அச்சிடப்பட்டிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால், நாளை இன்ட்கால்20க்குப் பதில் வேறு வளைகோடு வரும்போது யாரும் ஐந்து நிமிடத்தில் திரும்பக் கணக்கிடலாம். ஆண்டை மட்டும் அச்சிட்டிருந்தால் முடியாது. மருந்து ஆய்வுகளை, முதல் நோயாளியைச் சேர்க்குமுன்பே எதை அளக்கப்போகிறோம் என்று பதிவு செய்யச் சொல்வதும் இதற்காகவே. இந்தியாவில் 2009 முதல் அது கட்டாயம். பதிப்பில் அதன் இணை, அடிக்குறிப்பில் உள்ள பாடபேதம். பதிப்பாசிரியர் தள்ளிய பாடமும் அங்கே உயிரோடு இருப்பதால், அடுத்தவர் அதை எடுத்து மறுபடி எடைபோடலாம்.

புறநானூற்றைத் திறந்தால் 266ஆம் பாட்டுக்குப் பிறகு 269 வருகிறது. 267ஐயும் 268ஐயும் எந்த ஏட்டிலும் காணவில்லை. எண்களை இழுத்துச் சரிசெய்துவிடவில்லை. ஏதாவது ஒரு வீட்டுப் பரணில் அந்த ஓலை இன்னும் இருந்து வெளிவந்தால் வைப்பதற்கு, இரண்டு பாட்டின் இடம் அங்கே அப்படியே காலியாக இருக்கிறது.